கேட்பதற்கு ஓர் ஆள்

ஏழைக் குடியிருப்புகளின் மனநல ஆலோசகர் டாக்டரும் அல்ல, போதகரும் அல்ல. மும்பையில் ஒரு மிஷனரி விதைபோட்ட இந்தத் தொழில் இன்று தாராவிச் சந்துகளில் உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் தொழிலுக்கே இன்னும் சரியான முகவரி இல்லை.

விடியற்காலையிலேயே தாராவி இட்லிக்காரர்கள் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாதுங்கா, தாதர் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தோல் பட்டறைகளிலும் தையல் கூடங்களிலும் மெஷின்கள் ஓடத் தொடங்குகின்றன. தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் ஒரு பெண் தனக்காக வீட்டைவிட்டு வெளியே வர முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் போவது பெரும்பாலும் கிளினிக்குக்கு.

‘எனக்கு மனச்சோர்வு’ என்று அங்கே யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. தலைவலி, கை கால் அசதி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை என்றுதான் சொல்வார்கள். இந்திக்காரர்கள் ‘கப்ராஹட்’ என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையான குடும்பத்துப் பெண் ‘மனசு பாரமா இருக்கு’ என்பார். எல்லாருக்கும் பொதுவான சொல் ‘டென்ஷன்’. டாக்டர் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதித் தருவார். அடுத்த வாரம் அதே பெண் அதே வலியோடு திரும்ப வருவார்.

கோவாவில் இதை முறையாக ஆராய்ந்தவர் மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேல். வெள்ளைப்படுதல் என்று சொல்லி வரும் பெண்களில் பலருக்குக் கிருமித் தொற்று இல்லை, மனத்தின் வேதனைதான் அப்படி வெளிப்படுகிறது என்பதை 2000களின் மத்தியில் அவருடைய குழுவின் ஆய்வுகள் காட்டின. உடம்பைக் காட்டி மனத்தைச் சொல்லும் இந்த மொழியைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஆலோசகர்.

நாக்பாடாவில் தொடங்கிய கதை

இந்தத் தொழிலின் வேரைத் தேடினால் மும்பை சென்ட்ரலுக்கு அருகிலிருக்கும் நாக்பாடாவுக்குப் போகவேண்டும். அமெரிக்க கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் 1925இல் பம்பாய் வந்தார். சிகாகோவில் படித்தவர். ஏழைத் தொழிலாளர் நெரிசலாக வாழ்ந்த பகுதியில் ‘நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்’ என்ற சமூக மையத்தை உருவாக்கினார். மதம் மாற்றுவது அதன் நோக்கமல்ல. அக்கம்பக்கத்து மக்களின் அன்றாட வாழ்க்கையில் பங்கெடுப்பதே நோக்கம்.

அங்கே வேலை செய்தபோது மான்ஷார்ட்டுக்கு ஒன்று புரிந்தது. நல்ல மனசு மட்டும் போதாது. ஏழைகளுக்கு உதவுவதற்கும் பயிற்சி வேண்டும். சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளையிடம் இதை எடுத்துச் சொன்னார். 1936இல் இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி பிறந்தது. முதல் இயக்குநர் மான்ஷார்ட். அடுத்த ஆண்டே, 1937இல், இந்தக் கல்லூரி ஒரு குழந்தைகள் வழிகாட்டு மையத்தைத் தொடங்கியது. பள்ளியில் முரண்டு பிடிக்கும் பிள்ளையை அடித்துத் திருத்தாமல், உட்காரவைத்துப் பேசிக் காரணம் தேடும் இடம். நாட்டில் இப்படியொரு மையம் அதற்கு முன் இருந்ததில்லை.

அடுத்து வந்தவர் ஒரு தமிழர். 1941இல் மான்ஷார்ட்டிடமிருந்து பொறுப்பேற்ற ஜே.எம். குமரப்பா, தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவருடைய சகோதரர்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர், 1929இல் காந்தியைச் சந்தித்தபின் கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டுக் கிராமக் கைத்தொழில்களுக்கு வாழ்க்கையைக் கொடுத்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கிராமத்து வறுமையைப் பார்த்தார். மற்றவர் நகரத்து வறுமையோடு மல்லுக்கட்ட ஆட்களைத் தயார் செய்தார்.

1944இல் கல்லூரி ‘டாடா சமூக அறிவியல் கழகம்’ ஆனது. 1954இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு இடம்பெயர்ந்தது. இன்று மும்பையின் ஆஸ்பத்திரிகளிலும் போலீஸ் நிலையங்களிலும் சேரிகளிலும் ஆலோசகர்களாக இருப்பவர்களில் பலர் அந்த வளாகத்தில் படித்து வந்தவர்கள்.

கிராமம் கற்றுக்கொடுத்த பாடம்

நகரத்தில் கல்லூரி என்றால், கிராமத்தில் பாடம் வேறுவிதமாக வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடுக்குப் போனார்கள். மருத்துவமனைக் கட்டடத்தைவிட அவர்கள் அதிகம் நம்பியது கிராமத்துப் பெண்களை. எழுதப் படிக்கத் தெரியாத, பலர் தலித் சாதிகளைச் சேர்ந்த பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். பிரசவம், குழந்தை எடை, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் அந்தப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். 1979இல் தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. மேபெல் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தார்கள்.

ஜாம்கேட் சொன்ன சேதி எளிமையானது: சிகிச்சைக்குப் பட்டம் வேண்டும், ஆனால் நம்பிக்கையைப் பெறப் பட்டம் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் கேட்பார்கள்.

வேலூரே இன்னொரு பாடம் வைத்திருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்குவது வழக்கம். மனநோயாளியைப் பூட்டிவைத்துவிட்டுக் குடும்பம் ஊருக்குப் போய்விடுகிற வழக்கத்துக்கு நேர்மாறான ஏற்பாடு. பராமரிப்பதற்குக் குடும்பமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

அறைக்குள் என்ன நடக்கிறது?

தாராவிக்குத் திரும்பலாம். சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ், 1989இல் அங்கே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியவர். எடை குறைந்து பிறக்கும் குழந்தையைப் பிழைக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினாலும், அந்த வீட்டில் தாய்க்கு என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் பயனில்லை என்பதை அனுபவம் கற்றுக்கொடுத்தது. 1999இல் அவரும் சகாக்களும் தொடங்கிய ‘ஸ்நேஹா’ அமைப்பு, அடுத்த சில ஆண்டுகளிலேயே வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காகத் தாராவியில் ஆலோசனை மையம் வைத்தது. சந்துக்குச் சந்து ‘சங்கினி’ எனப்படும் உள்ளூர்ப் பெண்கள் இதன் கண்ணும் காதுமாக இருக்கிறார்கள்.

இதே காலத்தில் மாநகராட்சியும் ‘சேஹத்’ என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து பாந்த்ரா பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ மையத்தைத் தொடங்கின. அதற்கும் முன்பே, 1984இல், டாடா கழகம் மும்பை போலீசோடு சேர்ந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான தனிப்பிரிவை அமைத்துச் சமூகப்பணியாளர்களைக் காவல் துறைக்குள்ளேயே உட்காரவைத்திருந்தது.

அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூடக்கூடிய ஒரு கதவு. பத்துக்குப் பத்து கோலியில் ஏழு பேர் வாழும் இடத்தில் அந்தக் கதவுதான் பெரிய வசதி. ஆலோசகர் முதலில் செய்வது கேட்பது. குறுக்கே பேசாமல், ‘நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்’ என்ற பரம்பரை அறிவுரையைச் சொல்லாமல் கேட்பது. பிறகு நேராகவே ஒரு கேள்வி: ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. கேட்டால்தான் சுமை இறங்குகிறது என்பதே ஆய்வுகளின் முடிவு.

தோணுகிறது என்று பதில் வந்தால் வேலை மாறுகிறது. எந்த நேரத்தில் அந்த எண்ணம் வருகிறது, வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, அப்போது யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் போடப்படுகிறது. மருந்து தேவைப்படுகிறவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அடி உதை என்றால் காவல் நிலையம், சட்ட உதவி, தங்குமிடம் என்று கூடவே நடக்கவேண்டும். ரகசியம் காக்கப்படும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு விலக்கு உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆகவேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

தொழிலுக்குள்ளேயே நடக்கும் பெரிய விவாதமும் இங்கேதான். அடி வாங்கிய மனைவியைக் கணவனோடு சமாதானம் செய்து அனுப்புவதையே நம் ஊரில் ‘கவுன்சலிங்’ என்கிறார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. திலாசா போன்ற மையங்களின் நிலை வேறு: பெண் வீடு திரும்புவதா இல்லையா என்பது அவர் முடிவு. ஆலோசகரின் வேலை அந்த முடிவை எடுக்கும் தெம்பைத் தருவது. அடியை நியாயப்படுத்தும் எந்தப் பேச்சுக்கும் இடம் கொடுக்காதது.

பாட்டிமார் பெஞ்சு

படிக்காத, அல்லது வேறு படிப்புப் படித்த ஒருவரால் இதைச் செய்ய முடியுமா? மனநல மருத்துவர்கள் புருவம் உயர்த்திய கேள்வி இது. ஆனால் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை.

பதில் கோவாவிலிருந்து வந்தது. படேலும் அவருடைய ‘சங்கத்’ அமைப்பும் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள். முடங்கிக் கிடப்பவரை, பிடித்த சிறு வேலை ஒன்றைத் தினம் செய்யவைத்து மெல்ல எழுப்பும் முறை. குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு இன்னும் குறைந்த சந்திப்புகளில் வேறொரு முறை. இரண்டுமே பலன் தருகின்றன என்ற முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல், கையில் பணமும் கட்டடமும் இல்லாத நிலையில், பாட்டிமார்களைப் பயிற்றுவித்துச் சுகாதார நிலைய வாசலில் மர பெஞ்சில் உட்காரவைத்தார். அங்கே மனச்சோர்வுக்குப் பெயர் ‘குஃபுங்கிசிசா’, அதாவது ‘அளவுக்கு மீறி யோசிப்பது’. ‘ரொம்ப யோசிக்காதே’ என்று நம் வீடுகளில் சொல்வதன் ஷோனா மொழி வடிவம் போலிருக்கிறது. 573 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

ஜெபமா, மாத்திரையா?

தாராவித் தமிழர்களில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, விநாயகர் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, தர்காவில் மந்திரிக்கிறவர்களும் உண்டு. மூவருமே ஆலோசகரிடம் வருவதற்கு முன் அங்கெல்லாம் போய்வந்திருப்பார்கள். கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் ஆலோசகருக்கு இது கூடுதல் சங்கடம். ‘எனக்காக ஜெபம் பண்ணுங்க’ என்று கேட்பவரிடம் மறுப்பது எப்படி? ஜெபம் முடிந்தது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைப்பவரைத் தடுப்பது எப்படி?

இதன் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் கருகிப்போனார்கள். வழிபாட்டுத் தலத்தை நம்பி வந்தவர்கள் அவர்கள். நம்பிக்கையைக் கேலி செய்து பயனில்லை. நம்பிக்கையோடு சேர்ந்து மருந்தும் போகவேண்டும் என்பதை நாடு அப்போதுதான் பேசத் தொடங்கியது. ஆலோசனைத் தொழிலின் நெறியும் அதுவே. வந்தவர் கும்பிடும் சாமியை மாற்றுவது ஆலோசகரின் வேலையல்ல. அவர் சாமியை விடாமலே மாத்திரையையும் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மான்ஷார்ட் நாக்பாடாவில் போட்ட கோடும் இதற்கு அருகில்தான் இருந்தது.

கேட்பவருக்கு யார்?

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணீரைக் கேட்பவருக்கு என்ன ஆகும்? இந்தத் தொழிலில் பலர் சில ஆண்டுகளில் களைத்து விலகுகிறார்கள். கேட்ட கதை ராத்திரி தூக்கத்தில் வருகிறது. போன வாரம் பேசிவிட்டுப்போன பெண் இந்த வாரம் வராவிட்டால் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரிடம் ஆலோசகர் தன் வழக்குகளை வாராவாரம் பேசித் தீர்க்கும் மேற்பார்வை முறை அவசியம் என்கிறார்கள். சிறிய தொண்டு நிறுவனங்களில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்தால் போட்டோ எடுக்கலாம், கணக்குக் காட்டலாம். கேட்டதற்குப் போட்டோ கிடையாது.

சம்பளம் ‘ப்ராஜெக்ட்’ இருக்கும்வரைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெறும் வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதற்கும் தடை வந்தது. பெரிய அமைப்பிடமிருந்து பணம் வாங்கிக் கிராமத்திலும் சேரியிலும் வேலை செய்துவந்த சிறிய அமைப்புகளுக்கு, மதச்சார்பு உள்ளதோ இல்லாததோ, இது நேரடி அடி.

அங்கீகாரமும் அரைகுறை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல நர்ஸ், மனநல சமூகப்பணியாளர் ஆகியோரைப் பெயர் சொல்லி வரையறுத்தது. சாதாரண ஆலோசகருக்கு அங்கே தனி இடமில்லை. 2021ஆம் ஆண்டு சுகாதாரத் துறைசார் தொழில்கள் சட்டத்தில் நடத்தைசார் சுகாதாரப் பணியாளர் என்ற வகை சேர்க்கப்பட்டது. சேரியில் பதினைந்து ஆண்டு வேலை செய்த, பட்டமில்லாத பெண் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்பார் என்பது பெரிய கேள்வி. மறுபக்கம், ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு பீஸ் வாங்குகிறவர்களைத் தடுக்கவும் ஒழுங்குமுறை தேவை.

நேரம் காத்திருக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். முதலிடம் மகாராஷ்டிரம், 22,746. அடுத்த இடம் தமிழ்நாடு, 19,834. மும்பைத் தமிழரின் இரண்டு ஊர்களும் பட்டியலின் உச்சியில். செத்தவர்களில் நான்கில் ஒருவருக்குமேல் தினக்கூலிகள். 25,000க்கும் அதிகமானோர் இல்லத்தரசிகள்.

தாராவிக்குப் புதிய கவலையும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் மறுசீரமைப்பு டெண்டர் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு அங்கேயே இலவச வீடு; மற்றவர்களுக்கு வேறு இடம். மாடிக் கோலியில் வாடகைக்கு இருப்பவருக்கு, எந்தப் பக்கம் விழுவோம் என்ற கேள்விதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது. இது மனநோய் அல்ல, நியாயமான பயம். பயத்தை மாத்திரையால் தீர்க்க முடியாது. வீட்டை ஆலோசகரால் வாங்கித்தர முடியாது. ஆனால் எந்த ஆவணம் வேண்டும், எந்த அலுவலகம், கூட யார் வருவார்கள் என்று அவரால் சொல்ல முடியும். தனியாக விழித்திருப்பதற்கும் யாரோ கூட இருக்கிறார் என்று தெரிந்து விழித்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சந்துக்குள் ஆலோசகர் இல்லாத ஊர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். டாடா கழகம் 2012இல் தேவ்னாரிலிருந்து தொடங்கிய ‘ஐகால்’ தொலைபேசிச் சேவையும் உண்டு.

ஆனால் 2020 ஊரடங்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. போன் பேசுவதற்கும் ஒரு மூலை வேண்டும். அடிக்கிறவனும் அடிபடுகிறவளும் ஒரே அறையில் அடைந்திருந்தபோது, தண்ணீர் பிடிக்கவும் பொதுக் கழிவறைக்கும் போகும் நேரத்தில்தான் தாராவியில் ஒரு பெண் தன் கதையைச் சொல்ல முடிந்தது. மேசை, இரண்டு நாற்காலி, மூடக்கூடிய ஒரு கதவு. தொண்ணூறு ஆண்டு வயதான இந்தத் தொழில் ஏழைகளுக்காகக் கேட்பது இன்றும் இவ்வளவுதான்.